எளிய மேசைக்கு எந்த மரம்?

பிள்ளைகள் படிப்பதற்கு ஒரு மேசை வேண்டும். இழுப்பறை வேண்டாம், வேலைப்பாடும் வேண்டாம்; மேலே ஒரு பலகை, கீழே நான்கு கால்கள் போதும். அதை நாமே செய்துகொள்ளலாமா? தாராளமாகச் செய்யலாம். ஆனால், மேசை எளிமையாக ஆக ஆக, மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் கூட வேண்டும். இழுப்பறைகள் உள்ள மேசையில் பலகை சற்று வளைய முயன்றாலும் அடிப்பெட்டி அதைப் பிடித்து நிறுத்தும். எளிய மேசைக்கு அந்தத் துணை இல்லை.

நல்ல மரம் என்றதும் தேக்கும் செங்காலும் நம் நினைவுக்கு வரும். செங்கால் உறுதியானதுதான். ஆனால், அது ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. வீட்டில் அதை அறுப்பதும் துளையிடுவதும் எளிதல்ல, விலையும் அதிகம்.

வீட்டுக்குள் வைக்கும் மேசைக்கு ரப்பர் மரமே போதும். நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் தோட்டங்களில் பால் வெட்டிய அதே மரம்தான். 25, 30 ஆண்டுகள் பால் தந்த பிறகு, மறுநடவுக்காக அது வெட்டப்படுகிறது. ஒரு காலத்தில் வெறும் விறகாகப் போன அம்மரம், 1980ஆம் ஆண்டுகளிலிருந்து மேசை, நாற்காலிகளாக வெளிநாடுகளுக்குச் செல்கிறது. கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ எடையுள்ள அதில் ஆணியும் திருகாணியும் நன்றாகப் பிடிக்கும்.

ஆனால், அதற்கு ஒரு குறை உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அதனால் வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் துளைக்கும் வண்டும் வந்துவிடும். ஆகவே, போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகைதானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். நீலம் பாய்ந்த கறையோ, சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூளோ தெரிந்தால் வாங்காதீர்கள். பலகையின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். முறுக்கு இருந்தால் தெரிந்துவிடும்.

சிறு துண்டுகளை ஒட்டிச் சேர்த்த பலகையைத் தரக்குறைவு என்று ஒதுக்க வேண்டாம். அகலமான ஒற்றைப் பலகையைவிட அது வளைவது குறைவு. கனத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 18 மில்லிமீட்டர் பலகையைவிட 25 மில்லிமீட்டர் பலகை இரண்டரை மடங்குக்கும் மேல் விறைப்பாக நிற்கும்.

வாங்கிய பலகையை ஓரிரு வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து, பிறகு வேலையைத் தொடங்குங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் மரம் அகலவாக்கில் விரியும், சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. எனவே, மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டிவிடாமல், சட்டத்தில் நீள்துளை போட்டுத் திருகாணியால் பொருத்துங்கள். வார்னிஷை மேற்புறம் மட்டும் அடித்தால், அடிப்புறம் ஈரத்தை அதிகம் உறிஞ்சிப் பலகை வளையும். இரு புறமும் ஒரே அளவில் அடிப்பது அவசியம்.

மழைச்சாரல் படும் முன்வாசலுக்கு ரப்பர் மரம் ஆகாது. அங்கே செங்காலுக்குச் செலவழிப்பதில் நியாயம் உண்டு. ஆகவே கடைக்குப் போவதற்கு முன், மேசையை எங்கே போடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.