அடுப்பேற்றினால்தான் அச்சாகும் புத்தகம்

சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் இயந்திரக் கற்றல் நூலகத்தின் கையேட்டைத் தன் மடிக்கணினியில் உருவாக்கிப் பார்க்க நினைத்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்கிறார்: "படிக்கிற பக்கங்கள்தானே? அதற்கு நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் என்று வேறு நூலகங்களை எல்லாம் ஏன் நிறுவ வேண்டும்?"

எரிச்சல் நியாயமானது. ஆனால் அந்தக் கையேட்டில் பாதிதான் எழுதியது. மீதி, நிரலை ஓடவிட்டு எடுத்தது.

ஸ்பிங்க்ஸ் என்ற கருவி நூலகத்தை நிஜமாகவே இம்போர்ட் செய்து, ஒவ்வொரு ஃபங்ஷனிடமும் அதன் விளக்கத்தைக் கேட்டு வாங்குகிறது. நூலகம் எழுந்து நிற்க எவை தேவையோ, அவை கையேட்டுக்கும் தேவை.

எனக்குப் பிடித்தது, உதாரண நிரல்களை ஓட்டிப் படத்தோடு பக்கமாக்கும் அதன் துணைக்கருவி ஸ்பிங்க்ஸ்-கேலரி. ஒவ்வொரு குறிப்பையும் சமைத்து, படமெடுத்து, அதன் பிறகே அச்சிடும் சமையல் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைகிட்-லேர்னில் 200க்கும் மேற்பட்ட குறிப்புகள். அடுப்பு அணைய வெகுநேரமாகும். சாம்பார் அடிப்பிடித்தால் பிழைச்செய்தி அந்தப் பக்கத்திலேயே அச்சாகும். கடைசியில் மொத்தப் புத்தகமும் தோல்வி என்று அறிவிப்பு வரும். எழுத்துப்பிழை திருத்த வந்தவருக்கு 'நோபிளாட்' என்றொரு வழி உண்டு: அடுப்பே பற்றவைக்காத பதிப்பு.

ஒரு சிக்கனமும் இருக்கிறது. குறிப்புத் தாள் மாறவில்லை என்று, கோப்பின் கைரேகை போன்ற எம்டி5 கணக்கு சொன்னால், பழைய படமே ஒட்டப்படும். தாள் அப்படியே இருந்து பருப்பு, அதாவது நிரல் நம்பியிருக்கும் வேறொரு நூலகம், மாறியிருந்தால்? கேலரி கண்டுகொள்ளாது. தானே தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் கையேடு என்று மேடையில் முழங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை. சமைந்தது என்பதற்குப் படம் சாட்சி. உப்பு சரியா என்பதற்கு இல்லை.

பருப்பு மாறவும் செய்யும். 2024 ஜூனில் வந்த நம்பை 2.0, சராசரி கேட்டால் முன்பு வெறும் எண்ணை மட்டும் காட்டிய இடத்தில், எண்ணின் வகைப் பெயரையும் சேர்த்துக் காட்டத் தொடங்கியது. மதிப்பு அதேதான். ஆனால் கையேட்டு உதாரணத்தின் விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டாக்டெஸ்டுக்கு அது தவறு.

அதனால் சைகிட்-லேர்ன் குழு கையேட்டை இரு விதமாகக் கட்டிப் பார்க்கிறது: புதிய பதிப்புகளோடு ஒரு முறை, நூலகம் ஏற்கும் மிகப் பழைய பதிப்புகளோடு இன்னொரு முறை. இரண்டுக்கும் பதிப்பு எண்கள் பூட்டிய தனித்தனிப் பட்டியல் உண்டு.