டோனர் பதித்த செப்புத் தகடு

குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் நிறுவிய எம்.ஐ.டி. தொடக்கம் முதலே மின்னணுவியலைத் தனிப் பாடமாகக் கற்பித்து வந்ததும், தாம்பரத்தில் 1984-இல் உருவான மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் மின்னணுத் தொழிற்கூடங்களுக்கு இடமளித்ததும் சென்னையின் தென்புறநகரை இத்துறையோடு நெருங்கப் பிணைத்துள்ளன. இப்பகுதியின் பொறியியல் மாணவர்கள் தம் புராஜெக்டுக்கு ஒரேயொரு சர்க்யூட் போர்டு வேண்டும்போது, வெளியே செய்துவாங்கக் காத்திராமல் வீட்டிலேயே செய்துகொள்ள வழிவகுப்பது டோனர் பதிப்பு முறையாகும்.

லேசர் பிரிண்டரின் கரித்தூள் போன்ற டோனர் உண்மையில் சூட்டில் உருகும் நுண்ணிய பிளாஸ்டிக் தூள் என்பதே இம்முறையின் அடிப்படை. நீர்மமான இங்க்ஜெட் மை இதற்கு உதவாது. மின்சுற்றின் வரைபடத்தை இடவலம் மாற்றி, ஜெராக்ஸ் கடையிலேயே வழவழப்பான தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் செப்புப் பூச்சுப் பலகையை நன்கு தேய்த்து, விரல் எண்ணெய்கூடப் படாமல் துடைத்து, தாளைக் கவிழ்த்து வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், டோனர் உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்கிறது. சூடு குறைந்தால் கோடுகள் ஒட்டாமல் தாளோடு வந்துவிடும். மிகுந்தால் பரவி அடுத்த கோட்டைத் தொட்டுவிடும் என்பதால், முழு முறையிலும் கைப்பக்குவம் கோருவது இந்தக் கட்டமே. பலகையை நீரில் ஊறவைத்துத் தாளை விரலால் மெல்ல உருட்டி நீக்கும்போது, நெருங்கிய கோடுகளுக்கிடையே சிக்கிய தாள் நாரையும் பொறுமையாக எடுத்துவிட வேண்டும். அது தங்கிய இடத்தில் செம்பு அரிபடாமல் நின்று, தவறான இணைப்பை உண்டாக்கும்.

பின்னர்ப் பலகையை ஃபெரிக் குளோரைடு கரைசலில் இட்டு அசைத்தால், பொதுவாக 35 மைக்ரான் தடிமனுள்ள செம்பு டோனர் மூடாத இடங்களில் கரைந்துபோக, மூடிய கோடுகள் மட்டும் எஞ்சுகின்றன. டோனரை அசிட்டோனால் துடைத்து, துளையிட்டால் பலகை சால்டரிங்குக்கு ஆயத்தமாகிறது. கரைசல் உலோகத்தை அரிப்பதால் பிளாஸ்டிக் பாத்திரமும், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் தேவை.

வேலை அத்துடன் முடிவதில்லை. பயன்படுத்திய கரைசலில் கரைந்திருக்கும் செம்பு, மீன் முதலான நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும். இத்தென்புறநகரிலுள்ள செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் பிற ஏரிகள் வழியே, 2022-இல் ராம்சார் ஈரநிலத் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே சென்றடைகிறது. ஆகவே கரைசலை மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் சேமித்து, வீரியம் உள்ளவரை மீண்டும் பயன்படுத்தி, பின்னர் கல்லூரி ஆய்வகத்தின் ரசாயனக் கழிவோடு ஒப்படைக்க வேண்டுமேயன்றி, ஒரு சொட்டையும் சாக்கடையில் ஊற்றலாகாது.