உங்களுக்குத் தெரியுமா? கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில், அறுவை சிகிச்சைக்கு முன் கொரோனா பரிசோதனை ஏன் செய்தார்கள்?

● 2020 தொடக்கத்தில் சீனாவின் வூகானில், கொரோனா தொற்று இருப்பது தெரியாமலேயே 34 பேருக்குத் திட்டமிட்ட அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவர்களில் 15 பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். 7 பேர் இறந்தார்கள்.

● அதே ஆண்டு வெளியான ‘கோவிட்சர்ஜ்’ ஆய்வு, 24 நாடுகளில் தொற்றுடன் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,128 பேரை ஆராய்ந்தது. பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல்கள் வந்தன. 30 நாள்களுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்தார்.

● மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும்போது, மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தொற்று பரவும் ஆபத்து அதிகம். பரிசோதனை அவர்களுக்கும் பாதுகாப்பு.

● ‘நெகட்டிவ்’ என்று வந்தாலே தொற்று இல்லை என்று உறுதியாகிவிடாது. தொற்றின் முதல் நாள்களில் ஆர்டி-பிசிஆர் சோதனையிலும் வைரஸ் சிக்காமல் போகலாம். குணமானவருக்கோ, வாரக்கணக்கில் ‘பாசிட்டிவ்’ வரலாம். அதனால்தான் அறிகுறிகளையும் விசாரித்தார்கள்.

● தொற்று வந்தவர்கள், முடிந்தால் 7 வாரமாவது அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லது என்று 2021இல், 116 நாடுகளின் 1,40,231 நோயாளிகளைப் பார்த்த ஆய்வு சொன்னது. உயிர்காக்கும் அவசர சிகிச்சைக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

அறுவை சிகிச்சைக்கு முன் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனாலும் உயிருக்கு அதுவே பாதுகாப்பு.