ஆடாத கேப்டனின் பணி

பெங்களூரில் ஈஜிபுராவில் நாம் குடியிருக்கும் தெருவில் மாலை ஆறு மணிக்குமேல் மூன்று மொழிகள் ஒருங்கே ஒலிக்கும். காய்கறி வண்டிக்காரர் கன்னடத்தில் விலை கூறுவார். வாங்குபவர் தெலுங்கில் பேரம் பேசுவார். சில்லறையை எண்ணும்போது இருவரும் தமிழுக்கு வந்துவிடுவர். அத்தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அங்கே கால்பந்தாட்டம் பார்க்கக் கூட்டம் கூடும்.

அக்கூட்டத்தில் சில மாதங்களாக ஓர் இளைஞர் வந்து அமர்கிறார். தம் கல்லூரிக் கால்பந்துக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். ஓர் ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். இத்தகைய காயம் பட்டவர் மீண்டும் போட்டியில் இறங்கப் பொதுவாக ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். முதல் வாரங்களில் அவர் ஊன்றுகோலைச் சுவரில் சார்த்திவிட்டு, யாரோடும் பேசாமல் திரையையே பார்த்திருப்பார்.

ஓரிரவு ஒரு கோல் விழுந்தது. கடையிலிருந்த அனைவரும் கோல் காப்பாளரைத் திட்டினர், நாமும் திட்டினோம். அப்போது அவ்விளைஞர் மெல்ல, "கீப்பர் என்ன சார் செய்வார்? பத்து விநாடிக்கு முன்னாலேயே கதவைத் திறந்து வைத்துவிட்டார்களே; வலப்பக்கத்தைப் பாருங்கள்" என்றார். காட்சியை மறுபடி காட்டியபோது பார்த்தோம். வலப்பக்கத் தற்காப்பாளர் முன்னேறிச் சென்றவர் திரும்பி வரவேயில்லை. அவர் விட்டுச்சென்ற வெற்றிடத்தின் வழியாகவே பந்து புகுந்திருந்தது. நம் கண்ணெதிரே நடந்தும் நாம் காணாத ஒன்றை ஆட முடியாத ஒருவர் கண்டு சொன்னார்.

ஆட முடியாத தலைவனுக்கு ஆட்டத்தில் பணி ஏதேனும் உண்டா என்னும் கேள்வி அன்று நமக்குள் எழுந்தது. உண்டு என்பதற்குத் தொலைக்காட்சி உலகம் சில சான்றுகளை அளித்திருக்கிறது.

தொலைக்காட்சியில் ஆட்டத்துக்கு முன்னும், இடைவேளையிலும், ஆட்டம் முடிந்த பின்னும் அமர்ந்து விளக்கம் கூறுபவரை ஆங்கிலத்தில் 'பண்டிட்' என்பர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்சொல்லில் ஒரு தனி மகிழ்ச்சி. இது நம் நாட்டிலிருந்து சென்ற 'பண்டித' என்னும் சொல்லே. நம் பாட்டனார் காலத்துப் பள்ளிகளில் 'தமிழ்ப் பண்டிதர்' பதம் பிரித்துப் பொருள் கூறினார். இன்றைய கால்பந்துப் பண்டிதர் ஓட்டத்தைப் பிரித்துப் பொருள் கூறுகிறார். இருவர் வேலையும் உரை சொல்வதுதான். வானொலி வருணனையாளர் களத்தைச் சொல்லால் வரைந்து காட்ட வேண்டியவர். தொலைக்காட்சிப் பண்டிதருக்கு அந்தச் சுமை இல்லை. படம் முன்னமே இருக்கிறது. அது ஏன் அப்படி நிகழ்ந்தது என்பதையே அவர் கூற வேண்டும்.

இவ்வழக்கம் வேரூன்றியது 1970ஆம் ஆண்டு உலகக் கோப்பையின்போது. இங்கிலாந்தின் ஐ.டி.வி. நிலையம் நான்கு கால்பந்து வல்லுநரை ஒரே மேசையில் அமர்த்தி வாதிக்கச் செய்தது. அவர்களுள் ஒருவர் பாப் மெக்நாப். அவ்வுலகக் கோப்பைக்கான இங்கிலாந்துக் குழுவின் இறுதிப் பட்டியலில் இடம்பெறாது போனவர். களத்தில் இடம் கிடைக்காதவருக்கு அரங்கில் நாற்காலி கிடைப்பது அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

காயமுற்ற கேப்டனுக்குத் தகுந்த உதாரணம் பெல்ஜியத்தின் வின்சென்ட் கொம்பனி. மான்செஸ்டர் சிட்டி கழகத்துக்கும் தம் நாட்டுக்கும் தலைமை தாங்கியவர். 2016ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் மாட்ரிட் நகரில் நடந்த ஆட்டத்தில் அவருக்குத் தொடையில் காயம் ஏற்பட்டது. அடுத்த மாதம் பிரான்சில் தொடங்கிய ஐரோப்பியக் கோப்பையில் அவர் ஆட இயலவில்லை. அந்தப் போட்டியின்போது அவர் பி.பி.சி. தொலைக்காட்சியில் விளக்கவுரையாளராக அமர்ந்தார். ஜூலை 1ஆம் நாள் கால் இறுதியில் பெல்ஜியம் 3-1 என்று வேல்சிடம் தோற்றது. காயத்தாலும் தண்டனையாலும் தற்காப்பாளர் பலரை இழந்திருந்த அணி அது. தலைவர் நிற்க வேண்டிய இடம் அந்தத் தற்காப்பின் நடுமையம்.

இந்த நடுமையம் என்பதை நேயர்கள் சற்றே கவனிக்க வேண்டும். லிவர்பூல் கழகத் தலைவராக இருந்து, முழங்கால் காயத்தால் 1991இல் ஓய்வு பெற்று, பின்னர் 2014 வரை பி.பி.சி.யில் விளக்கம் கூறிய ஆலன் ஹான்சனும் அதே இடத்தில் ஆடியவரே. முன்னணி ஆட்டக்காரர் பெரும்பாலும் கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தைப் பெறுகிறார். நடுத்தற்காப்பாளர் கண்முன்னோ களம் முழுவதும் விரிந்து கிடக்கிறது. அவர் தம் பக்கத்தில் உள்ளோரைக் கூவி நகர்த்துகிறார். தற்காப்பாளர் நால்வரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே கணத்தில் முன்னே அடியெடுத்து வைத்தால் எதிரணி வீரர் 'ஆஃப்சைடு' ஆகிவிடுவார். நால்வரில் ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் அப்பொறி பயனற்றுப் போகும். அந்த ஓரடியை ஆயிரம் முறை திருத்தியவர் கண்ணுக்கு அது உடனே தென்படுகிறது. நம் கண்ணோ பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. படக்கருவியும் பெரும்பாலும் அவ்வாறே ஓடுகிறது.

ஆகவே நல்ல விளக்கவுரையாளர் கோல் விழுந்த கணத்தில் தொடங்குவதில்லை. காட்சியைப் பின்னோக்கி ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தச் செய்கிறார். திரைமீது ஒரு கோடு இழுக்கிறார். காலியான இடத்தை வட்டமிடுகிறார். "இவர் இங்கே நின்றிருக்க வேண்டும், அங்கே நிற்கிறார்" என்கிறார். இடைவேளை பதினைந்து நிமிடமே. விளம்பரங்கள் போக அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் ஒரே ஒரு செய்தியைத் தெளிவுறச் சொல்பவரே சிறந்தவர்.

எனினும் இப்பணியில் இடர்கள் உண்டு. முதலாவது, பாசம். காயம் ஆறியதும் அதே தோழர்களோடு ஆட வேண்டியவர், அவர்தம் பிழையை நாடறியச் சொல்வது எளிதன்று. மழுப்பினால் கேட்போர் ஏமாறுவர். கடிந்தால் உடை மாற்றும் அறையில் முகங்கள் திரும்பிக்கொள்ளும். ஆளைக் குறைகூறாது செயலைக் குறைகூறுவதே இதற்கு வழி. "அவர் சோம்பேறி" என்பதற்கும் "அவர் திரும்பி வர நான்கு விநாடி தாமதித்தார்" என்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

இரண்டாவது இடர், விளக்கத்தை விட்டு ஜோதிடத்தில் இறங்குவது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மான்செஸ்டர் யுனைடெட் அணி ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றபோது, சிறுவர்களைக் கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று ஹான்சன் தீர்ப்புரைத்தார். அந்த இளைஞர்களே அப்பருவத்தில் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றனர்.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. அது பிரையன் கிளஃப் பற்றியது. 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்த முன்னணி வீரர். 1962ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சண்டர்லாந்து அணிக்கு ஆடுகையில் எதிரணிக் கோல் காப்பாளரோடு மோதி முழங்கால் சிதைந்தார். ஆட்ட வாழ்வு அத்தோடு முடிந்தது போலாயிற்று. பின்னர் புகழ்பெற்ற பயிற்சியாளராகவும் தொலைக்காட்சி விமர்சகராகவும் விளங்கினார். 1973 அக்டோபர் 17 அன்று வெம்பிளியில் இங்கிலாந்தை எதிர்த்து ஆடிய போலந்தின் கோல் காப்பாளர் தொமாஷெவ்ஸ்கியைக் கோமாளி என்று அவர் ஏளனம் செய்தார். அந்தக் கோமாளி அன்றிரவு இங்கிலாந்தின் முயற்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. இங்கிலாந்து 1974 உலகக் கோப்பைக்குத் தகுதி இழந்தது. காயத்தின் கொடுமையை நன்கறிந்த ஒருவர்கூட, நாற்காலியில் அமர்ந்ததும் களத்தில் நிற்பவரை எளிதாக எடைபோட்டுவிடுகிறார் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டு நிலையையும் காண்போம். 2011 ஜனவரியில் தோஹாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியக் கேப்டன் பைச்சுங் பூட்டியா காயத்தால் முதல் இரண்டு ஆட்டங்களில் ஆடவில்லை. கொரியாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் சிறிது நேரமே இறங்கினார். பிற்காலத்தில் அவர் தொலைக்காட்சி விளக்கவுரையாளராகவும் அமர்ந்தார். பெங்களூர் அணிக்கு நெடுங்காலம் தலைமை தாங்கிய சுனில் சேத்ரி, 2018 ஜூனில் படக்கருவி முன் நின்று, எங்களைத் திட்டவேனும் மைதானத்துக்கு வாருங்கள் என்று நாட்டு மக்களை வேண்டினார். அடுத்த ஆட்டத்துக்கு மும்பை மைதானம் நிரம்பியது. கேப்டனின் சொல்லுக்கும் வலிமை உண்டென்பதை அன்று கண்டோம்.

ஆனால் அச்சொல்லைக் கேட்கும் வாய்ப்பு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். அப்போது நம் நாட்டில் தொலைக்காட்சியே இல்லை. டில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது 1959 செப்டம்பர் 15 அன்றுதான். அக்கால மைசூர் மாநில அணி 1967-68லும் 1968-69லும் அடுத்தடுத்துச் சந்தோஷ் கோப்பையை வென்றது. அதன்பின் கர்நாடகம் மீண்டும் அக்கோப்பையைப் பெற்றது 2023 மார்ச்சில். இடைப்பட்ட ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் ஆஸ்டின் டவுனிலும் கௌதமபுராவிலும் தமிழ் பேசும் எத்தனையோ இளைஞர் பந்தாடிக் காயமுற்று ஒதுங்கியிருப்பர். தாம் கண்டறிந்ததைச் சொல்ல அவர்களுக்கு மேடை இல்லை.

சென்னை இந்தியன் வங்கி அணியில் ஆடியவரும் 1990களில் இந்தியக் கேப்டனாக விளங்கியவருமான வி. பி. சத்யன், காலில் பழைய காயங்களின் வேதனையைச் சுமந்தவர். 2006 ஜூலை 18 அன்று பல்லாவரத்தில் துயரமான முறையில் மறைந்தார். ஒரு மனிதரின் துயரத்துக்கு ஒரே காரணம் கற்பிப்பது முறையன்று. ஆயினும் ஆட்டம் நின்றபின் ஆட்டக்காரருக்கு நாம் என்ன இடம் வைத்திருக்கிறோம் என்று அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

தொலைக்காட்சி நாற்காலி சிலருக்கே வாய்க்கும். ஆனால் உரை சொல்லும் பணிக்குத் தொலைக்காட்சி இன்றியமையாததன்று. காலில் இருந்த வித்தை காயத்தால் நின்றுபோகலாம். கண்ணில் இருக்கும் வித்தை நிற்பதில்லை. கேட்பார் இருந்தால் போதும்.

நம் தெரு இளைஞர் இப்போது ஊன்றுகோல் இன்றி நடக்கிறார். மீண்டும் களமிறங்குவாரா என்பதை மருத்துவரும் அவர் முழங்காலுமே முடிவு செய்ய வேண்டும். சென்ற மாதம் அருகிலுள்ள திடலில் தெருச் சிறுவர் ஆடுவதைக் காணச் சென்றோம். இடைவேளையில் அவர் சிறுவரைச் சுற்றி உட்காரவைத்து, நான்கு கூழாங்கற்களை மண்ணில் வரிசையாக வைத்தார். பின் ஒரு கல்லை மட்டும் ஓரடி பின்னுக்கு இழுத்து, தமிழிலும் கன்னடத்திலும் மாறிமாறி, "இப்போது எங்கே ஓட்டை?" என்று கேட்டார். ஏழெட்டு விரல்கள் ஒரே இடத்தைச் சுட்டின.