உஷார்! கடையில் பார்த்த நிறம் வீட்டுக்கு வராது

ஆடித் தள்ளுபடியில் சோபா, கட்டில் வாங்கக் கிளம்பிவிட்டீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

போன வருஷம் நான் ஏமாந்தேன். கடையில் சந்தனத்தைப் பாலில் குழைத்த மாதிரி இருந்த சோபா, வீட்டு ஹாலில் டியூப்லைட்டைப் போட்டதும் சாம்பல் பூத்துப்போய் நின்றது. கடைக்குப் போன் போட்டால், "நீங்க பார்த்த அதே பீஸ்தான் சார்" என்றார்கள். உண்மைதான். வெளிச்சம்தான் வேறு.

ஷோரூம்களில் பொருளின் மேல் விழுவது பெரும்பாலும் 3000 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளி. அதில் பழுப்பும் சிவப்பும் தளதளவென்று தெரியும். நம் வீடுகளில் அதிகம் எரிவதோ 6500 கெல்வின் 'கூல் டேலைட்'. அந்த நீலம் கலந்த வெள்ளையில் அதே பழுப்பு சோகை பிடித்துவிடும். இன்னொரு வம்பும் உண்டு. சோபாத் துணிக்கும் திரைச்சீலைக்கும் போட்ட சாயம் வேறு வேறாக இருந்தால், கடை விளக்கில் ஒட்டிப்பிறந்தவை போலிருந்த இரண்டும் பகல் வெளிச்சத்தில் முறைத்துக்கொள்ளும். 'மெட்டாமெரிசம்' என்பது இதன் பெயர்.

அடுத்த பொறி, மர நிறங்களின் பெயர். 'தேக்கு கலர்', 'ரோஸ்வுட் கலர்' என்று பில்லில் எழுதியிருந்தால் அது நிறத்தின் பெயர் மட்டுமே. மரத்தின் பெயர் அல்ல. உள்ளே ரப்பர் மரமோ, பார்ட்டிகிள் போர்டோ இருக்கலாம். ரப்பர் மரம் மோசமில்லை. ஆனால் தேக்கு விலைக்கு அதை வாங்கக் கூடாது. என்ன மரம் என்பதைப் பில்லில் தனியாக எழுதி வாங்குங்கள்.

தனித்தனியாக அழகாக இருப்பவை ஒரே ஹாலில் சேர்ந்தால் சண்டை போடுவதற்கும் காரணம் உண்டு. பழுப்பு என்பது ஒரே நிறமில்லை. சிவப்பு ஓடும் பழுப்பு, மஞ்சள் ஓடும் பழுப்பு, சாம்பல் ஓடும் பழுப்பு என்று ஜாதிகள் உண்டு. தாத்தா காலத்து ஈட்டி மர நாற்காலிக்குப் பக்கத்தில் சாம்பல் ஓடும் டிவி யூனிட்டை வைத்தால் இரண்டுமே அழுக்காகத் தெரியும். கூடவே தரையையும் கணக்கில் எடுங்கள். ஹாலில் மிகப் பெரிய நிறம் டைல்ஸ்தான். அதை மாற்றுவதுதான் கஷ்டம். ஓர் அறையில் இரண்டு மர நிறம் போதும். மூன்றாவது தேவைப்பட்டால் மரத்தை விட்டுவிட்டு இரும்பு, பிரம்பு என்று போய்விடுங்கள்.

ஆசாரியை வைத்து அலமாரி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மைக்காவை ஒரே லாட்டில் வாங்குங்கள், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று கூடுதலாகவே. ஒரே நம்பர் என்றாலும் அடுத்த லாட்டில் சாயல் மாறலாம். பாதிக் கதவு ஒரு நிறம், மீதி இன்னொரு நிறம் என்று முடிந்த பிறகு யாரைக் குறை சொல்ல?

இதுவரை சொன்னது பணமும் கண்ணும் சம்பந்தப்பட்டது. இனி சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

பழைய கட்டிலையோ தொட்டிலையோ சுரண்டி, புது நிறம் அடிக்கப் போகிறீர்களா? நிறுத்துங்கள்! பழைய எனாமல் பெயின்ட்களில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில், ஈயம் இருந்திருக்கலாம். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறையானது. அதற்கு முன் அடித்த பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி வீடெங்கும் படியும். தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது. ஆகவே காய்ந்த நிலையில் தேய்க்கவோ, நெருப்புக் காட்டி உரிக்கவோ வேண்டாம். தேய்த்தே ஆகவேண்டுமென்றால் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஈரத்தோடு தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். புது டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பைப் படித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

மறுபடி கடை விளக்குக்கு வருவோம். பட்டுப்புடவை எடுக்கும்போது அதை நம்பாமல், வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள் நம் வீட்டுப் பெண்கள். சோபாவை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாதுதான். சாம்பிள் துணியையும் மைக்காத் துண்டையும் கேட்டு வாங்கி வரலாமே! காலை வெயிலில் ஒரு தடவை, ராத்திரி டியூப்லைட்டில் ஒரு தடவை, உங்கள் தரைமேல் வைத்துப் பாருங்கள். சாம்பிள் தர மறுக்கிற கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.