பகலில் வேலை, மாலையில் மனோதத்துவம்!

படித்தது ஏன் மறந்து போகிறது? நல்ல மனிதருக்கும் ஏன் திடீரென்று கோபம் வருகிறது? பத்துப் பேர் "ஆம்" என்றால், பதினோராவது ஆளும் ஏன் தலையாட்டுகிறார்?

இவற்றை எல்லாம் ஆராயும் படிப்புதான் மனோதத்துவம். உளவியல் என்றும் சொல்வார்கள்.

அமெரிக்காவில், பகல் எல்லாம் கடையிலும், ஆலையிலும், ஆஸ்பத்திரியிலும் உழைத்தவர்கள் மாலையில் இந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு இடம் கொடுப்பது "கம்யூனிட்டி காலேஜ்" எனப்படும் சமுதாயக் கல்லூரி.

6 பேருடன் தொடக்கம்

1901-ம் ஆண்டு, சிகாகோவுக்கு அருகே உள்ள ஜோலியட் நகரில் இப்படி ஒரு கல்லூரி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் 6 பேர்தான்! இன்று அந்த நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன.

இரண்டு ஆண்டுப் படிப்பு. "இத்தனை மார்க் வாங்கினால்தான் இடம்" என்ற பேச்சு பெரும்பாலும் இல்லை. வயதும் தடை இல்லை. கட்டணம், பல்கலைக்கழகத்தைவிடக் குறைவு. படித்து முடித்தவர்கள், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து பட்டம் பெற வழி உண்டு.

ஒரே பெஞ்சில் 18 வயதுப் பையனும், இரண்டு பிள்ளைகளின் தாயும் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியருக்கு இது ஒரு வசதி. தூக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது உதாரணம் தேட வேண்டியது இல்லை. இரவு ஷிப்டு பார்ப்பவர் தன் கதையைச் சொன்னாலே போதும்!

மறதிக் கணக்கு

முதல் ஆண்டிலேயே வரும் பாடங்களில் ஒன்று, நினைவும் மறதியும்.

ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்காஸ், அர்த்தம் இல்லாத எழுத்துக் கூட்டங்களை மனப்பாடம் செய்து, தன்னைத்தானே சோதித்தார். முடிவை 1885-ல் வெளியிட்டார். படித்த முதல் ஒரு மணி நேரத்தில்தான் மறதி மிக வேகமாக நடக்கிறது. பிறகு வேகம் குறைகிறது.

இதற்கு மருந்து என்ன? ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு பாடத்தைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள், அதைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை எழுதினார்கள்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களுக்கு நினைவு இருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்!

மின்சார ரெயிலில் நின்றுகொண்டே இலாகாத் தேர்வுக்குப் படிக்கும் குமாஸ்தாவுக்கும் இது உதவும். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, படித்ததைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆசிரியரின் கஷ்டம்

சமுதாயக் கல்லூரியில் பாடம் நடத்த, பொதுவாக எம்.ஏ. போன்ற முதுநிலைப் பட்டம் போதும். ஆனால், அங்குள்ள ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பகுதி நேர ஊழியர்கள். எடுக்கும் பாடத்துக்கு ஏற்றபடி ஊதியம். அடுத்த பருவத்தில் வேலை உண்டா என்பது நிச்சயம் இல்லை. ஒரே நாளில் இரண்டு கல்லூரிகளுக்கு ஓடுகிறவர்களும் உண்டு. மன அழுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கே மன அழுத்தம்!

இங்கே என்ன நிலை?

மனோதத்துவம் இந்தியாவுக்குப் புதிது அல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-லும், மைசூரில் 1924-லும் தனித் துறை ஏற்பட்டது. சமுதாயக் கல்லூரியும் 1995-ல் புதுச்சேரிக்கு வந்துவிட்டது. ஆனால், இங்கே அது பெரும்பாலும் கைத்தொழில் பயிற்சிக்குத்தான்.

வேலைக்குப் போகிறவர்கள் மனோதத்துவம் படிக்க, தபால் வழிக் கல்விதான் கைகொடுத்து வந்தது. 2025 ஜூலை-ஆகஸ்டு பருவம் முதல், தபால் வழியிலும் ஆன்லைனிலும் இந்தப் படிப்புக்குப் புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. படிப்பின் தரத்தைக் காப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. மனம் உடைந்து வருகிறவருக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர், நேரில் பயிற்சி பெறத்தான் வேண்டும். ஆனால், காலை 8 மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறவர், பகல் நேரக் கல்லூரிக்கு எப்படிப் போவார்?

வழி இல்லாமல் இல்லை. பம்பாயில் 1946-ல் அம்பேத்கரின் முயற்சியால் தொடங்கப்பட்ட சித்தார்த் கல்லூரி, வேலைக்குப் போகும் மாணவர்களுக்காகக் காலை நேரத்தில் வகுப்பு நடத்தியது. மாணவனின் நேரத்துக்குக் கல்லூரி வளைந்து கொடுத்தது.

தபால் கதவை மூடியவர்கள், மாலைக் கல்லூரியின் கதவையாவது திறந்து வைக்க வேண்டும். உழைக்கிறவனுக்கும் மனம் உண்டு. அதைப் பற்றிப் படிக்க அவனுக்கும் ஆசை உண்டு.