சிறு வணிகமும் ஊழியர் நிலைபேறும்

பத்துப் பேர் பணியாற்றும் ஒரு கடையினின்று ஒருவர் விலகிச் செல்வாராயின், அதனைப் பத்திலொரு பங்கு இழப்பென்று கணக்கிடுதல் பொருந்தாது. பெரிய நிறுவனங்களிலே ஒவ்வொரு வேலைக்கும் எழுதிவைத்த முறையுண்டு. ஒருவர் போயின் மற்றொருவர் அதனைப் பார்த்துத் தொடரலாம். சிறு கடையிலோ முறையானது ஆளினிடத்தே தங்கியுள்ளது. எந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கலாம், எந்தச் சரக்கு எம்மாதத்தில் விலைபோகும், எந்த மொத்த வியாபாரி தவணை தருவார் என்பனவெல்லாம் ஏட்டில் ஏறாத அறிவு. ஆள் போகும்போது அதுவும் உடன்போகின்றது.

இலங்கையில் இவ்விழப்பினை இன்று அறியாத சிறு வணிகர் அரியர். பொருளாதார நெருக்கடி முற்றிய 2022ஆம் ஆண்டில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். வளைகுடா நாட்டுச் சம்பளத்தோடு ஒரு பலசரக்குக் கடை போட்டியிடுதல் இயலாது என்பது உண்மையே. ஆயினும், விலகுவோர் எல்லாரும் கடல் கடந்து செல்வதில்லை. பலர் அடுத்த தெருவிலுள்ள கடைக்கே செல்கின்றனர். ‘இக்காலத்து இளைஞருக்கு நன்றியில்லை’ என்று முதலாளிமார் கூறும் சமாதானம் இதனை விளக்கப் போதாது.

இதற்கு விடைதேடி மேனாட்டு முகாமை நூல்களை நாடுமுன், தமிழர் வணிக மரபொன்றினை நோக்குதல் தகும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கை, பர்மா, மலாயா முதலிய நாடுகளில் வட்டிக்கடைகள் நடத்தினர். அவர்தம் வட்டித் தொழில்பற்றிப் பலதிறப்பட்ட கருத்துகள் உண்டு. ஈண்டு நாம் கருதுவது கடையின் உள்ளமைப்பையே. கடை சிறியது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் எனச் சிலரே அதில் இருப்பர். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். பெருந்தொகை கைமாறும் கடையை, கடிதத்தையும் கணக்கையும் மாத்திரம் நம்பித் தொலைவிலிருந்து நடத்தவேண்டிய நிலை. இத்தகைய கடையில் மேலாள் இடைநடுவில் விலகினால் விளையும் கேட்டினைச் சொல்லவேண்டியதில்லை.

அவர் விலகாதிருந்தமைக்குக் குலக்கட்டும் உறவும் ஒரு காரணம். மற்றொரு காரணம் உடன்படிக்கையின் தெளிவு. பணிக்காலம் பெரும்பாலும் 3 ஆண்டு. அக்காலம் முழுமைக்குமான சம்பளம் புறப்படுமுன்பே பேசி முடிக்கப்படும். ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்திற்குக் கிடைக்கும். தவணை முடிந்து ஊர் திரும்பும் மேலாளுக்கு, கடை இலாபம் கண்டிருப்பின் அதிலும் ஒரு பங்குண்டு. பெட்டியடியில் அமர்ந்த பையன் தனக்கு மேலிருந்த அடுத்தாளையும் மேலாளையும் நாள்தோறும் கண்டான். தான் ஏறவேண்டிய படிகள் அவன் கண்முன்னே இருந்தன. மேலாளாயிருந்து பின்னர்த் தனிக்கடை வைத்தோரும் உளர். அவ்வாறு பிரிதலைத் துரோகமெனக் கருதாது, ஏணியின் இறுதிப் படியாகவே அம்மரபு ஏற்றுக்கொண்டது.

இம்முறை குறைபாடற்றது என்று கூறவியலாது. மனைவி மக்களை ஆண்டுக்கணக்காகப் பிரிந்திருத்தல் கொடுமையானது. உறவினர்க்கும் தம் இனத்தார்க்குமே ஏணி கிடைத்தது. சமையலாள் எத்துணை ஆண்டு உழைத்தாலும் மேலாளாகவில்லை. இன்று நாம் அதிற் கொள்ளத்தக்கது ஒன்றே: தன் நாளைய நிலை யாதென்பதை ஊழியன் இன்றே அறிந்திருத்தல். நம் கடைகள் பலவற்றில் ‘பார்ப்போம், செய்வோம்’ என்னும் வாய்ச்சொல்லே உடன்படிக்கையாக விளங்குகின்றது. மூன்றாண்டு உழைத்தபின்னும் தன் சம்பளம் எப்பொழுது, எவ்வளவு உயரும் என்றறியாத இளைஞன், ஐந்நூறு ரூபா அதிகம் தருபவரிடம் போவதில் வியப்பென்ன?

சட்டம் விதித்தவற்றைச் செலுத்தாமலே ஊழியரை நிறுத்திவைக்கக் கருதுவோரும் உளர். ஊழியர் ஒருவரே எனினும், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சேமலாப நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்தல்வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்தல்வேண்டும். இவற்றைத் தவிர்ப்பவர் மிச்சம்பிடிப்பது சிறுதொகை. இழப்பதோ ஊழியரின் நம்பிக்கை.

1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமோ வேறு வகையினது. ஐந்தாண்டு நிறைவுற்ற மாதச் சம்பள ஊழியர் விலகும்போது, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் பெறுவர். பதினைந்து பேருக்குக் குறைவானோரை வைத்திருக்கும் கடையை இச்சட்டம் அவ்வாறு கட்டாயப்படுத்துவதில்லை. கட்டாயமில்லாத அவ்விடத்தேதான் சிறு வணிகருக்கு வாய்ப்புள்ளது. மாதம் 40,000 ரூபா பெறும் ஒருவருக்கு, ‘ஐந்தாண்டு நின்றால் ஒரு இலட்சம் ரூபா’ என்று வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்து, ஆண்டுதோறும் 20,000 ரூபாவை அதற்கென வங்கியில் ஒதுக்கி, கணக்கேட்டினை அவருக்குக் காட்டிவரலாம். மாதத்திற்குப் பிரித்தால் அது 1,700 ரூபாவுக்கும் குறைவு. புதியவர் ஒருவர் கடையின் கடன்காரர் யார், காசு தருபவர் யார் என்று அறிந்துகொள்ளுமுன் வாராக்கடனாகப் போவது பெரும்பாலும் அதனினும் மிகுதி.